பெயர் வெட்டிய மாத்திரை

கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு குழி, அதில் மஞ்சள் நிறத்தில் கொஞ்சம் ஜெல்லி. வயிற்றுக்குள் குழாய் விட்டு எடுத்த சதைத் துணுக்கை ஊசிமுனையால் அந்த ஜெல்லிக்குள் அமுக்கி, மேலே தாளை ஒட்டி, நேரத்தை எழுதி வைப்பது ஆஸ்பத்திரியில் என் வேலை. கிருமி இருந்தால் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக ரோஸ் நிறமாகும். இல்லாவிட்டால் மஞ்சளாகவே இருக்கும்.

ஏன் மாறுகிறது என்று சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்ல எனக்கு அலுப்பே வராது. வயிற்றில் இருப்பது அமிலம். அதில் எந்தக் கிருமியும் குடியிருக்க முடியாது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். இந்த ஒன்று இருக்கிறது. சுருண்ட உடம்பு, முனையில் நாலைந்து வால். யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கி, அதைத் தன்னைச் சுற்றிக் குடைபோல விரித்துக்கொள்ளும். வெளியே அமிலம் கொட்டிக்கொண்டிருக்க, இது குடைக்குள் நனையாமல் நீந்திப் போய்ச் சளிப்படலத்துக்குள் புகுந்து வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தும். எங்கள் ஜெல்லியில் யூரியாவைக் கலந்துதான் வைத்திருக்கிறோம். பழக்க தோஷத்தில் கிருமி அங்கேயும் குடையை விரிக்கும். அம்மோனியா பட்டதும் நிறம் மாறும். தன் குடையாலேயே மாட்டிக்கொள்ளும் திருடன்.

இந்தச் சோதனையை ஏமாற்ற ஒரு வழி உண்டு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கிருமியின் எண்ணிக்கை குறைந்துவிடும். மிஞ்சியவை வயிற்றின் கீழ்ப்பகுதியைக் காலி செய்துவிட்டு மேல்பகுதிக்குக் குடிபோய்விடும். வழக்கம்போலக் கீழே மட்டும் துணுக்கு எடுத்தால் ஜெல்லி மஞ்சளாகவே நின்று, ‘ஒன்றுமில்லை’ என்று பொய் சொல்லும். அதனால் குழாய் விடுமுன் எல்லாரிடமும் இரண்டு கேள்வி கேட்போம். கடந்த இரண்டு வாரத்தில் அமில மாத்திரை சாப்பிட்டீர்களா? இதற்கு முன் ஆன்டிபயாட்டிக் எடுத்ததுண்டா, எடுத்திருந்தால் எது?

அந்த இரண்டாவது கேள்விக்கு நான் எழுதிய ஒரு பதில்தான் என் தம்பியைக் கொன்றது. அதில் பாதி நான். மீதிப் பாதி என் அத்தான்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை. முறையாகப் படித்தவர், சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தார். ஊரில் அவரை ‘மூணுநாள் டாக்டர்’ என்பார்கள்.

“இருமலா? மூணு நாள். வயித்துப்போக்கா? மூணு நாள். பல்வலிக்கும் மூணு நாள்தான், கலர் மட்டும் வேற” என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே அட்டையை எடுப்பார். கையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல். அது அக்காவுடையது. கல்யாணத்துக்கு முன் அக்கா துணி வெட்டித் தைத்த நல்ல எஃகுக் கத்தரி. கல்யாணத்துக்குப் பின் தையல் நின்றது, கத்தரி கடைக்குப் போனது. மாத்திரை அட்டையில் பெயர் இருக்கும் பக்கத்தைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டு, வெறும் வெள்ளி மட்டும் மின்னும் துண்டை வெட்டிக் கவரில் போட்டுக் கொடுப்பார்.

“ஏன் அத்தான் பேர வெட்டுறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பேர் தெரிஞ்சா அடுத்த தடவை வேற கடைக்குப் போயிடுவான். பேர் என்கிட்ட இருக்கிற வரைக்கும் ஆளும் என்கிட்டதான்” என்று கண்ணடித்தார். நானும் சிரித்தேன். அப்போது அது வெறும் வியாபார சாமர்த்தியமாகத்தான் பட்டது.

தம்பி லிப்ட் பழுது பார்ப்பவன். லிப்ட் ஓடும் கிணறு போன்ற அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினால் வருடக்கணக்கான தூசி. மழைக்காலம் வந்தால் இருமல் பிடித்துக்கொள்ளும். அத்தானிடம் போவான், மூன்று மாத்திரை வாங்கிக்கொண்டு வருவான். இரண்டாம் நாளே இருமல் குறைந்தால் மூன்றாவதைப் பையிலேயே மறந்துவிடுவான். நாலு வருடம் இப்படிப் போயிற்று.

பிறகு அவனுக்கு வயிற்றுவலி வந்தது. நான்தான் இழுத்துக்கொண்டு போய் எங்கள் அறையில் படுக்கவைத்தேன். கேள்வித்தாளை நானே கையில் வைத்திருந்தேன்.

“இதுக்கு முன்னாடி ஆன்டிபயாட்டிக் எடுத்திருக்கியா?”

“எனக்கென்ன தெரியும் சின்னக்கா? அத்தான் வெட்டிக் குடுப்பார், நான் முழுங்குவேன்.”

“இருமல் மாத்திரைய கேக்கலடா.”

“அப்ப இல்ல.”

‘இல்லை’ என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

அன்று ஜெல்லி பத்தே நிமிடத்தில் ரோஸ் ஆனது. தாளில் ‘இல்லை’ என்று இருந்ததால், டாக்டரம்மா வழக்கமான மருந்துகளை எழுதினார். அதில் முக்கியமானது கிளாரித்ரோமைசின். அத்தான் இருமலுக்கு வெட்டிக் கொடுத்தது அசித்ரோமைசின் என்று பின்னால்தான் தெரிந்தது. இரண்டும் பங்காளிகள்.

பங்காளி என்று ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டும் கிருமிக்குள் போய் ஒரே இடத்தில்தான் உட்காரும். தம்பியின் தொழிலை வைத்தே சொல்கிறேன். லிப்ட் கதவு ஒரு பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்தப் பள்ளத்தில் ஒரு சின்னக் கல் சிக்கினால் போதும், கதவு மூடாது. கதவு மூடாவிட்டால் லிப்ட் கிளம்பாது. “பன்னெண்டு மாடிய ஒரு கல்லு நிறுத்திடும்” என்பான் தம்பி. கிருமிக்குள்ளும் புரதம் கட்டும் ஒரு இயந்திரம் இருக்கிறது, அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. மருந்து அந்தப் பள்ளத்தில் சிக்கும் கல். இயந்திரம் நின்றால் கிருமி பெருக முடியாது. ஆனால் கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ ஒன்றுக்குப் பிறவியிலேயே பள்ளம் கொஞ்சம் கோணலாக இருக்கும். கல் அதில் உட்காராது. இருமலுக்கென்று விழுங்கிய மாத்திரை நெஞ்சோடு நிற்பதில்லை, வயிற்றில் இருப்பவற்றையும் தொடுகிறது. நேரான பள்ளம் உள்ளவை அடிபடும், கோணல் பள்ளம் உள்ளவை தப்பும். இடம் காலியானதும் அவையே பெருகும். அடுத்த மழைக்காலத்தில் இன்னொரு மூன்று நாள். நாலு வருடத்தில் தம்பியின் வயிறு முழுக்கக் கோணல் பள்ளக் கூட்டம். அதற்குமேல்தான் அதே கல்லை, பெயரை மாற்றி, நாங்கள் போட்டோம்.

கொஞ்ச நாள் வலி குறைந்தது. ஆறாவது வாரம், ஒரு நண்பகலில், லிப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தவன் ரத்தவாந்தி எடுத்து அங்கேயே சரிந்தான். வயிற்றுப் புண் ரத்தக்குழாயைத் தின்றிருந்தது. பெட்டி இரண்டு மாடிக்கு நடுவில் நின்றிருந்தது. அதை இறக்கத் தெரிந்த ஒரே ஆள் அதன்மேல் கிடந்தான். வேறொருவரை வரவழைத்து இறக்கி, எங்களிடம் கொண்டுவந்து குழாய் விட்டபோது ரத்தம் மிச்சமில்லை. அப்போது எடுத்த துணுக்கைக் கிருமி வளர்க்கும் தட்டில் போட்டோம். இந்தக் கிருமி மெதுவாக வளர்வது. எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் முடிவு வந்தது. கிளாரித்ரோமைசின் பலிக்காது.

தட்டின் படத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். அக்காவும் இருந்தாள்.

“இங்க பாருங்க அத்தான். நீங்க வெட்டிக் குடுத்தது இதுதான் பண்ணியிருக்கு.”

அவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். “நேரத்துக்குச் சாப்பிட மாட்டான், டீயா குடிப்பான். புண்ணு வராம பூவா வரும்? நான் மூணு மாத்திரை குடுத்தது தப்பாப் போச்சா? சரி மச்சினி, அந்தக் கிருமியப் புடிச்சுக் கோர்ட்டுல ஏத்து. அது வந்து என்னைக் கை காட்டுதான்னு பாப்போம்.”

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். “போனவன் வரப் போறானா? இருக்கிறவரையும் என்கிட்ட இருந்து பறிச்சுடாதடி.”

அந்தச் சிரிப்பை இரண்டு வருடம் நெஞ்சுக்குள் வைத்துக் கறுவிக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் வாயால் இல்லாவிட்டால் கையால், தம்பிக்கு எதைக் கொடுத்தோம், எத்தனை முறை கொடுத்தோம் என்று அவர் சொல்ல வேண்டும். பெயரோடு.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலையில் அக்கா அவரை எங்கள் அறைக்குக் கூட்டிவந்தாள். இரண்டு மாதமாக வயிற்றுவலி. தன் வைத்தியத்தைத் தானே செய்து பார்த்து, எதற்கும் வலி அடங்காமல் வந்திருக்கிறார். அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேள்வித்தாளை எடுத்தேன்.

“ரெண்டு வாரத்துல அமில மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“நானா? மாத்திரை விக்கிறவன் மாத்திரை திங்க மாட்டான் மச்சினி. ஸ்வீட்டுக்கடைக்காரன் ஸ்வீட்டு திங்கிறானா?”

“ஆன்டிபயாட்டிக்?”

“எழுதிக்க, இல்ல. உன் கையெழுத்து அழகா இருக்குமே.”

எழுதினேன். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, பல்லுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கவைத்து, இடதுபுறமாகப் படுக்கவைத்தேன். ஒருக்களித்ததும் சட்டைப்பை தொங்கி, அதிலிருந்து ஏதோ விரிப்பின்மேல் சரிந்தது. வெட்டிய அட்டைத் துண்டு. பெயர் இல்லை. ஒரு குழியில் மட்டும் பாதி ரோஸ், பாதி நீல நிறக் காப்ஸ்யூல் மிச்சம் இருந்தது. தினம் நூறு பேர் கையில் பார்க்கிற காப்ஸ்யூல், எனக்குப் பெயர் வேண்டியதில்லை. அமில மாத்திரை. துண்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் பார்க்கவில்லை.

குழாய் இறங்கியது. திரையில் அத்தானின் வயிறு ஈரமாக, சிவப்பாக, மடிப்பு மடிப்பாக விரிந்தது. கீழ்ப்பகுதியில் ஒரு புண், நடுவில் வெள்ளை. டாக்டரம்மா அதன் அருகே இரண்டு துணுக்கு எடுத்தார். ஒன்றை ஜெல்லியில் அமுக்கினேன். மஞ்சள். அது மஞ்சளாகவேதான் இருக்கப் போகிறது என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

“போதுமா?” என்றார் டாக்டரம்மா.

‘போதும்’ என்று நான் சொன்னால் போதும். குழாய் வெளியே வந்துவிடும். கிருமி இல்லை என்று தாள் போகும். கேள்வி கேட்டாயிற்று, பதில் அவருடையது, தாளில் இருக்கிறது. என்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. புண் உள்ளே தன் வேலையைப் பார்க்கும், ஒருநாள் ஒரு ரத்தக்குழாயைத் தொடும். தம்பி போன வழியிலேயே, அதே கிருமியின் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் போவார்.

இதை நினைத்தபோது எனக்கு இனித்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

குழாய் ஒரு சாண் மேலே வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது. என் அழகான கையெழுத்தில் இன்னொரு ‘இல்லை’. இந்த மனிதருக்கு ஒன்றும் இல்லை, இவர் மருந்து ஒன்றும் செய்யவில்லை என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்து, அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவது. செத்தாலும் புண்ணால் செத்தார் என்பார்கள். அந்தக் கிருமி கடைசிவரை யாரையும் கை காட்டாது.

“போதாது டாக்டர். மேல இருந்து ரெண்டு எடுங்க. ஒண்ணு ஜெல்லிக்கு, ஒண்ணு வளர்க்க.”

“ஏன்? தாள்ல அமில மாத்திரை இல்லன்னுதானே இருக்கு?”

உள்ளங்கையை விரித்தேன். “இவர் பையில இருந்து விழுந்தது. பேர் இருக்காது டாக்டர். இவர் கடையில எப்பவும் பேர வெட்டிட்டுதான் குடுப்பாங்க. என் தம்பிக்கும் இப்படித்தான் குடுத்தார்.”

வளையத்துக்கு நடுவிலிருந்து அத்தான் ‘க்ஹா, க்ஹா’ என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவரால் பதில் பேச முடியவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்து உருண்டது, ஓரத்தில் நீர் வழிந்தது. குழாய் இருந்தால் எல்லாருக்கும் வழியும். நான் குனிந்து துடைத்துவிட்டேன். “பேசாதீங்க அத்தான், வாந்தி வரும்.”

மேலிருந்து எடுத்தது நாற்பது நிமிடத்தில் ரோஸ் ஆனது. கீழிருந்து எடுத்தது மறுநாளும் மஞ்சள்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளர்ப்பதற்குப் பொறுமை வேண்டும். ரத்தம் கலந்த தட்டில் துணுக்கைத் தேய்த்து, காற்றைக் குறைத்த ஜாடிக்குள் மூடி, உடம்புச் சூட்டில் வைத்தேன். ஐந்தாம் நாள் பனித்துளியைவிடச் சின்னதாகப் புள்ளிகள் வந்தன. அவற்றைப் புதுத் தட்டு முழுக்கப் பரப்பி, நடுவில் மருந்து தோய்த்த காகிதப் பட்டையை வைப்போம். மருந்து பலித்தால் பட்டையைச் சுற்றிக் கிருமி வளராமல் முட்டை வடிவத்தில் வெற்றிடம் தெரியும். அத்தானின் தட்டில் கிளாரித்ரோமைசின் பட்டையின் ஓரம்வரை கிருமி பாய் விரித்ததுபோல் வளர்ந்து நின்றது. தம்பியின் தட்டும் அப்படியேதான் இருந்தது. இரண்டும் ஒரே வம்சமா என்று எங்கள் பரிசோதனைக்கூடத்தில் கண்டுபிடிக்க வசதி இல்லை. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்களுக்குள் இது பரவும் என்பது மட்டும் தெரியும். தம்பி பாதி நாள் சாப்பிட்டது அக்கா வீட்டில்தான்.

முடிவு சொல்லும் நாளில் அக்காவும் டாக்டரம்மா அறையில் உட்கார்ந்திருந்தாள். நான் தட்டை மேஜைமேல் வைத்தேன்.

“உங்களுக்கு மருந்து எழுதணும்னா இதுவரைக்கும் எதெல்லாம் சாப்பிட்டீங்கன்னு எனக்குத் தெரியணும்” என்றார் டாக்டரம்மா. பிறகு அக்காவைப் பார்த்து, “உங்களுக்கும் டெஸ்ட் எடுத்துடலாம்மா. வீட்டுல ஒருத்தருக்கு இருந்தா மத்தவங்களுக்கும் இருக்கலாம். நீங்க ஆன்டிபயாட்டிக் எடுத்ததுண்டா?”

“எனக்கென்ன தெரியும் டாக்டர்?” என்றாள் அக்கா. “அவர் வெட்டிக் குடுப்பார், நான் முழுங்குவேன்.”

அப்படியே தம்பியின் பதில். அக்காவுக்கு அது தெரியாது, நான் அவளிடம் சொன்னதே இல்லை. அப்போது சொன்னேன்.

“தம்பியும் இதையேதான் சொன்னான் அக்கா. நான் ‘இல்ல’ன்னு எழுதினேன்.”

அக்கா என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். “எனக்கு எத்தன தடவ குடுத்தீங்க?”

“அதெல்லாம் சும்மா சாதாரண…”

“பேரு என்ன?”

அத்தான் நெற்றியைத் துடைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப்புத்தகம் வந்தது. ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் கடைப்பெயர் அச்சடித்தது. முதலில் தான் சாப்பிட்டவற்றை எழுதினார். அடுத்த தாளில் அக்காவுக்குக் கொடுத்தவற்றை. பதினோரு முறை.

“இன்னொரு தாள்” என்றேன்.

“எதுக்கு? அவன்தான் இப்ப…”

“எழுதுங்க” என்றாள் அக்கா. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

எழுதினார். என் தம்பியின் பெயர். அதன்கீழ் ‘அசித்ரோமைசின், ஏழு முறை, டாக்டர் சீட்டு இல்லாமல்’. கடைக்காரப் பழக்கம், அடியில் தானாகவே கையெழுத்தும் போட்டுவிட்டார். முதல் இரண்டு தாளும் டாக்டரம்மா கோப்புக்குப் போயின. மூன்றாவதை நான் எடுத்துக்கொண்டேன்.

“போதுமா? கிழிச்சுப் போட்டுடு மச்சினி. நம்ம குடும்ப விஷயம்.”

“பத்திரமா வச்சுக்கறேன் அத்தான்.”

அதைத் தம்பியின் தட்டு முடிவோடு சேர்த்து மறுநாளே மருந்து ஆய்வாளரிடம் கொடுத்தேன்.

அத்தானுக்கு நாலு வகை மருந்து, பதினாலு நாள், தினம் நாலு வேளை. அதில் ஒன்று பிஸ்மத். வாயில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்தால் கறுப்பாகிவிடும் உலோகம். நாக்கு அடுப்புக்கரி நிறத்துக்கு வந்துவிடும், ஆபத்தில்லை. இன்னொன்று வாய் முழுக்க இரும்பைச் சப்பியதுபோல் கசப்பு. மூன்றாம் நாள் அக்காவிடம், “வலி போயிடுச்சு, நிறுத்திக்கறேன்” என்றாராம். அக்கா மாத்திரையை நீட்டிக்கொண்டு அவர் விழுங்கும்வரை நகரவில்லையாம்.

ஒன்பதாம் நாள் ஆய்வாளர் கடைக்கு வந்தார். நான் எதிரே பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தேன். பெயர் மட்டும் மிஞ்சிய அட்டைகள் மேஜை இழுப்பறைக்குள் குவியலாகக் கிடந்தனவாம். உரிமத்தை நிறுத்திவைத்து ஷட்டரை இழுத்து முத்திரை வைத்தார்கள். அன்று என்னைப் பார்த்துச் சிரித்த இரண்டு பேரில் ஒருவர் கூட்டத்தில் நின்றார். அத்தான் என்னைக் கண்டுவிட்டார். சாலையைக் கடந்து வந்தார்.

“நீ எனக்கு மச்சினியா, எமனா?” வாய் திறந்தபோது நாக்கு கரியாகத் தெரிந்தது.

“மச்சினிதான் அத்தான். எமனா இருந்தா ‘போதும்’னு சொல்லிட்டுப் போயிருப்பான்.”

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். சீல் வைக்குமுன் கடையிலிருந்து எடுத்ததை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். கத்தரிக்கோல்.

“எனக்கு இதைத் தொடப் பிடிக்கல. நீ வச்சுக்க” என்றாள். “கடையப் பூட்ட வச்சுட்டியேன்னு உன்மேல கோவமும் இருக்கு. ரெண்டும்தான்.”

“இருக்கட்டும்” என்றேன்.

ஆறு வாரம் கழித்து அத்தான் மூச்சுப் பரிசோதனைக்கு வந்தார். யூரியா மாத்திரையை விழுங்கிப் பைக்குள் ஊதினால், கிருமி இருக்கிறதா என்று மூச்சே சொல்லிவிடும். கேள்வித்தாளை எடுத்தேன். நான் கேட்குமுன் அவரே ஒரு பையை நீட்டினார். சாப்பிட்ட மருந்துகளின் காலி அட்டைகள், முழுசாக, பெயரோடு. “அமில மாத்திரை விட்டு ரெண்டு வாரமாச்சு” என்றார் மெல்ல.

சுத்தம். ஒரு கிருமி இல்லை.

“பதினாலு நாள்ல போயிடுச்சு” என்று தாளை நீட்டினேன். “எந்த மருந்து பலிக்காதுன்னு முன்னாடியே தெரிஞ்சுது, அதனால. தம்பிக்கும் இதே பதினாலு நாள் போதுமா இருந்திருக்கும்.”

அவர் தாளை வாங்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அந்தக் கத்தரிக்கோல் இருந்தது. மற்ற நாளில் அதை மேஜை இழுப்பறைக்குள் வைத்திருப்பேன், பிளாஸ்திரி வெட்டுவேன். நல்ல எஃகு, இன்னும் கூர் மழுங்கவில்லை. அத்தான் வருகிற நாளில் மட்டும் வெளியே எடுத்து, அவர் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே வைப்பேன்.